அம்மா நூற்ற நூல்

சலவை இயந்திரத்தின் கதவைத் திறந்த ஹெக்டர் மெக்கின்னஸ் உள்ளே கையை விட்டு ஒன்றை வெளியே எடுத்தார். அது ஒரு தொப்பியைப் போல இருந்தது. ஆனால் அவர் தொப்பி எதையும் உள்ளே போடவில்லை.

போட்டது இரண்டு சிட்டம் நூல். வெள்ளைக் கம்பளி நூல். அவருடைய அம்மா பெகி, கண்ணை மூடுவதற்கு முந்தைய குளிர்காலத்தில் தன் கால்மிதி ராட்டையில் நூற்று, வளையமாகச் சுற்றிச் சிட்டம் கட்டி, மரப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனது. நாற்பது வருடங்களாக அந்தப் பெட்டிக்குள் பூவைப் போலக் கிடந்த நூல்.

இப்போது அது சுருங்கி இறுகி ஒரே கட்டியாகியிருந்தது. தட்டினால் சத்தம் வந்தது.

மனைவி எஃபி ஊருக்குப் போகும்போது தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். மகள் ஷீனாவுக்கு ஹாலிஃபாக்ஸில் பிரசவம். கையில் பையோடு வாசலில் நின்றவள் திரும்பி வந்து சொன்னாள்:

"பெட்டியில அந்துருண்டை நெடி அடிக்குது. வெயில் அடிக்கற நாளாப் பார்த்து அந்த நூலைக் கொடியில போடு. வேற ஒண்ணும் பண்ணாதே. கேட்டியா ஹெக்டர்? வேற ஒண்ணும் பண்ணாதே."

வெயில்தான் அடிக்கவில்லை. கேப் பிரெட்டன் தீவில் அக்டோபர் மாதத்து மூடுபனி வந்து உட்கார்ந்தால் சொந்தக்காரர் மாதிரி, லேசில் எழுந்து போகாது. நெடி போக வேண்டும், ஈரம் காய வேண்டும், இரண்டையும் செய்கிற இயந்திரம் சமையலறையிலேயே இருக்கும்போது வானத்தை எதற்குக் கெஞ்ச வேண்டும் என்று ஹெக்டர் யோசித்தார். தன் பழைய மீன்பிடி கோட்டு ஒன்றையும் சேர்த்துப் போட்டார். கம்பளிக்குக் குளிர்ச்சி ஆகாது என்று வெந்நீர் வைத்தார்.

கயிற்றுப் புரிகளைப் பிரிக்கிற இரும்பு ஊசியை எடுத்து வந்து ஒரு ஓரமாகக் குத்தி நெம்பிப் பார்த்தார். சிங்கி இறால் பிடிக்கிற பொறிக்கூடுகளோடு ஆயுள் முழுவதும் வாழ்ந்தவர். கடல் முடிச்சுப் போட்ட எத்தனையோ கயிறுகளைப் பிரித்தவர். இது பிரியவில்லை. ஒரு துண்டாகப் பெயர்ந்து வந்தது.

அன்று மாலையே தொலைபேசி அடித்தது.

"நூலைக் காயப் போட்டியா?"

"போட்டேன்."

"அங்க வெயிலா? ரேடியோல ஒரு வாரமாப் பனிமூட்டம்னு சொல்றான்."

"நம்ம வீட்டு மேல மட்டும் கொஞ்சம் அடிச்சுது."

எஃபி தொலைபேசியை மகளிடம் கொடுத்தாள். பிறகு ஷீனா பேசினாள். "அப்பா, பாப்பா ஞானஸ்நானத்துக்கு நம்ம ஊருக்கே வந்துடறோம். சால்வைக்குப் பாட்டி நூல்தானே? இந்தத் தடவை மனசு மாறிட மாட்டீங்களே?"

"மாற மாட்டேன் கண்ணு."

"எனக்குத்தான் குடுக்கல. என் குழந்தைக்காவது குடுங்க."

அதுதான் ஹெக்டரைக் குத்தியது. ஷீனா பிறந்தபோது எஃபி அந்த நூலில் சால்வை பின்னட்டுமா என்று கேட்டிருந்தாள். அவர் விடவில்லை. அம்மாவின் கடைசி வேலையைப் பால் கக்குகிற பிள்ளைக்குச் சுற்றுவதா என்றார். வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் பெட்டியைத் திறந்து, நூலின் ஒரு முனையை இழுத்துப் பிடித்துக் காட்டுவார். "பாரு. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே கனம். ஒரு கொப்புளம் காட்டு பார்க்கலாம். இந்தக் கரையில இந்த மாதிரி நூக்க இனி ஆள் கிடையாது!" எஃபி பேசாமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். பல வருடங்கள் கழித்து, மகளே வாய் திறந்து கேட்ட பிறகுதான் அவர் மனது இறங்கியது. இறங்கிய கையோடு நூலைக் கொன்றும்விட்டார்.

மறுநாள் காலை அந்தத் தொப்பியைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்துப் பண்ணைக்குப் போனார். மோராக் அங்கே ஆடு வளர்க்கிறாள். ரோமம் கத்தரிப்பது, வாருவது, நூற்பது எல்லாம் அவளே. அம்மாவுக்கும் பழக்கமானவள், எஃபிக்கும் சிநேகிதி.

மோராக் பையைத் திறந்து பார்த்தாள். எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள்கள் ஏறி இறங்கின. பெகியை நினைத்து அழுகிறாள் என்று ஹெக்டருக்குத் தோன்றியது.

"எந்தத் தண்ணி?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"வெந்நீர்."

"ஆமா. வெந்நீராத்தான் இருக்கும். வெந்நீர் பட்டாத்தான் கம்பளி இப்படி இறுகும்."

"மோராக், உன்கிட்ட வெள்ளை நூல் இருந்தா ரெண்டு சிட்டம் குடு. என்ன விலைன்னாலும் தரேன். எஃபிக்குத் தெரிய வேண்டாம்."

மோராக் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "நூல் இல்ல. ரோமம் இருக்கு. ராட்டை உன் வீட்டுப் பரண்ல இருக்கு. கால் உனக்கு ரெண்டு இருக்கு."

"நான் நூக்கறதா?"

"பின்னே, நூலை வேக வெச்சது நானா?"

"நான் இறால் பிடிக்கறவன்."

"கயிறு திரிப்பேல்ல? அதே முறுக்குதான். கொஞ்சம் மெலிசு, அவ்வளவுதான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் அவர் மோசம் போனார்.

அம்மாவின் ராட்டையைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, வண்டியின் பின்னால் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினார். ஆனால் சக்கரம் துருத்திக்கொண்டு நின்றது. கடை வாசலில் நின்றிருந்த ஆர்ச்சி கையைக் காட்டி வண்டியை நிறுத்தினான்.

"என்னது ஹெக்டர், சைக்கிளா?"

"ஆமா."

"ஒத்தைச் சக்கரம்தான் தெரியுது."

"ஒத்தைச் சக்கரச் சைக்கிள்தான்."

"எஃபி ஊர்ல இல்லாதப்ப சர்க்கஸ்ல சேர்ந்துட்டியா?"

மோராக்கின் சமையலறையில் பாடம் தொடங்கியது. முதலில் வெறும் மிதி. இடது காலால் மிதியை அழுத்தினால் சக்கரம் வலப்பக்கம் சுற்ற வேண்டும். ஹெக்டர் அழுத்தினால் ஒரு தடவை வலப்பக்கம் சுற்றும், அடுத்த தடவை கோபித்துக்கொண்டு இடப்பக்கம் சுற்றும்.

"படகா இது, கியரைப் பின்னுக்குப் போட?" என்றாள் மோராக்.

அந்த நேரம் பார்த்து அவள் கணவன் ரோரி உள்ளே வந்தான். ரோரிக்குக் கொஞ்ச வருடங்களாகக் காது மந்தம். அதனால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு கத்திப் பேசுவான்.

"ஹெக்டர் இங்க என்ன பண்றான்?"

"இடுப்பு வலியாம்!" என்று மோராக் அவன் காதில் கத்தினாள். "டாக்டர் கால் மிதிக்கச் சொல்லியிருக்காரு!"

"எனக்கும் முட்டி வலிக்குது. நானும் மிதிக்கவா?"

"நீ போய் ஆட்டைப் பாரு!"

அவன் போனதும் ஹெக்டரிடம் சொன்னாள்: "இவனுக்கு மட்டும் தெரியக்கூடாது. இவன் காதுல ஒரு விஷயம் போறதுதான் கஷ்டம். போயிடுச்சுன்னா ஊர் முழுக்க ஒலிபெருக்கி."

வாரி வைத்த ரோமத்தைக் கையில் கொடுத்தாள். விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விட வேண்டும். முறுக்கு தானாக ஓடி வந்து அதை நூலாக்கும். ஹெக்டருக்கு எதையும் இறுக்கிப் பிடித்துத்தான் பழக்கம். அவர் விடவில்லை. விடாத இடத்தில் நூல் முறுக்கேறிப் பன்றிவால் மாதிரி சுருண்டது. பயந்துபோய் விட்டால், ஒரு கைப்பிடி ரோமம் அப்படியே உள்ளே போயிற்று.

மோராக் நூலை விரலால் தடவிப் பார்த்தாள். "பாம்பு எலியை முழுங்கின மாதிரி இருக்கு. இந்த இடத்துல ரெண்டு எலி."

"முறுக்கு கூட இருந்தா உறுதிதானே?"

"இது குழந்தைக்கா, படகு கட்டவா?"

ரோமத்தையும் ராட்டையையும் வீட்டுக்கே எடுத்து வந்து தனியாகப் பழகினார். காலையில் உட்கார்ந்தால் மதியம் ஓட்ஸ் ரொட்டியும் தேநீரும் ராட்டைக்குப் பக்கத்திலேயே. நூல் அறுந்தது. ஒட்டினார். அறுந்தது. சக்கரத்துக் கயிறு நழுவியது. அதைச் சரிசெய்தால் மிதி கழன்றது. கெட்ட வார்த்தைகளில் தமக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோய், பிரெஞ்சுக்கார மாலுமிகளிடம் கற்றதை எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள், ஏன் என்று தெரியவில்லை, அது ஓடியது. கால் தானாக மிதித்தது. கை தானாக விட்டது. கட கட கட என்று சக்கரத்தின் ஒரே சீரான சத்தம்.

அந்தச் சத்தம் ஹெக்டருக்குத் தெரியும். காது கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து தெரியும். அடுப்பின் மேல் கம்பியில் அப்பாவின் ஈரக் கையுறைகள் ஆவி விட்டுக்கொண்டு தொங்கும். ஆட்டு ரோமத்தின் பிசுக்கு வாசனை, மண்ணெண்ணெய் விளக்கின் வாசனை. மேஜைக்கு அடியில் அவர் படுத்துக் கிடப்பார். அங்கிருந்து தெரிவது மிதியும் அதன் மேல் அம்மாவின் வெறும் பாதமும்தான். மேலே எங்கிருந்தோ முன்னோர்களின் கேலிக் மொழிப் பாட்டு ஒன்று, முதல் இரண்டு வரிகள் மட்டும் திரும்பத் திரும்ப வரும். மீதி வரிகள் அம்மாவுக்குத் தெரியாதோ, அல்லது அந்த இரண்டே போதும் என்று நினைத்தாளோ. கடலில் காற்று ஏறினால் மிதி வேகமாகும். படகுகள் திரும்பிவிட்ட சத்தம் கேட்டால் பாதம் ஒரு கணம் நிற்கும்.

அம்மாவின் முகத்தை நினைக்க முயன்றால் இப்போதெல்லாம் புகைப்படத்தின் முகம்தான் வருகிறது. பாதம் மட்டும் நிஜமாகவே வந்தது. பெருவிரலில் இருந்த தழும்பு உட்பட.

அவர் ராட்டையை நிறுத்தினார். வேறொன்றும் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் எஃபி ஒருநாள் இந்த ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து மிதியில் காலை வைத்தாள். "விடு எஃபி, அது உனக்கு வராது. அம்மா கை வேற," என்று சொல்லி அவர்தான் அதைத் தூக்கிப் பரணில் போட்டார். எஃபி அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னோம் என்று இத்தனை வருடம் கழித்து அவருக்கு உறுத்தியது.

உறுத்தல் நீடிக்கவில்லை. ராட்டை கிறீச்சிட்டது. கிறீச்சிட்டால் எண்ணெய் விட வேண்டும். படகு இயந்திரத்துக்குப் போடுகிற மசகு கையருகே இருந்தது. நன்றாகவே போட்டார். கிறீச் நின்றது. நூலில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு விடாமல் ஓடியது.

கறையை எடுக்க, எஃபி தரை துடைக்க வைத்திருந்த வெளுப்புத் திரவத்தில் ஊறப்போட்டார். ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கறுப்பு போயிருந்தது. கூடவே பாதி நூலும் போயிருந்தது. வாளியில் கஞ்சி மாதிரி ஏதோ மிதந்தது. மிஞ்சிய நூல் மஞ்சளாகியிருந்தது. மஞ்சளைப் பழைய நூலின் நிறத்துக்குக் கொண்டுவரலாம் என்று மிச்சத் தேநீரை அதன் தலையில் ஊற்றினார்.

மோராக் வந்து பார்த்தாள்.

"இது என்ன கலரு?"

"பழைய நூல் கலரு."

"எவ்வளவு பழசு? நோவா கப்பல்லேருந்து இறங்கின ஆட்டோடதா?"

"கேலி பண்ணாதே மோராக். எஃபி வந்துடுவா. நான் என்ன பண்ணுவேன்?"

மோராக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. வண்டியிலிருந்து இன்னொரு மூட்டை ரோமத்தை எடுத்து வந்து வைத்தாள். "அழாம உக்காந்து நூத்துடு. வேற வழி கிடையாது. நான் பார்த்த வரைக்கும் கிடையாது."

நல்லவேளையாகப் பேரன் பிறக்க அவசரப்படவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது பெட்டிக்குள் இரண்டு சிட்டம் நூல் இருந்தது. வெள்ளை என்று தைரியமாகச் சொல்லலாம். மெலிசு, தடிப்பு, எலி, பன்றிவால் எல்லாம் உண்டு. ஹெக்டர் அதை அந்துருண்டை போட்டே மூடினார், நெடி இருந்தால்தான் நம்பிக்கை வரும் என்று.

எஃபி வந்த மறுநாள் பெட்டியைத் திறந்தாள். சிட்டத்தை எடுத்தாள். ஒரு முனையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எலி ஒன்று அவள் விரல்களுக்கு நடுவில் தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள். ஹெக்டரைப் பார்த்தாள். மறுபடியும் நூலைப் பார்த்தாள்.

"என்ன எஃபி?"

"ஒண்ணுமில்ல. நல்லாக் காஞ்சிருக்கு."

அவ்வளவுதான். உட்கார்ந்து பின்னத் தொடங்கிவிட்டாள்.

தப்பித்தோம் என்று முதல் நாள் இருந்தது. இரண்டாம் நாள் ஹெக்டருக்குத் தூக்கம் வரவில்லை. எப்படி இவள் நம்பினாள்? இவ்வளவு வருடம் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள்! இந்தக் கண்றாவியையும் அம்மாவின் நூலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவளோடா இத்தனை நாள் குடும்பம் நடத்தினோம்?

"நூல் எப்படி இருக்கு?" என்று மெல்ல விசாரித்தார்.

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலவா! எங்க அம்மா நூல்னா..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எஃபி தலை நிமிராமல் கேட்டாள்: "உங்க அம்மா நூல்னா?"

"ஒண்ணுமில்ல. தேநீர் போடவா?"

ஞானஸ்நானத்தன்று மாதா கோவிலில் குழந்தை அழவில்லை. பாதிரியார் தண்ணீர் ஊற்றியபோதுகூட, சால்வையின் ஒரு கொப்புளத்தைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருந்தது. கரடுமுரடாக இருந்தாலும் பிடித்துக்கொள்ள நிறைய இடம் இருந்தது.

சங்கடம் பிறகுதான் வந்தது. அந்தக் கரையில் ஞானஸ்நானச் சால்வையைக் கோவில் கூடத்துத் தேநீர் விருந்தில் கைக்குக் கை கொடுத்துப் பார்ப்பார்கள். சால்வை மேஜை மேஜையாக நகர்ந்தது. எல்லோரும் நூற்றவர்கள், பின்னியவர்கள். கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார்கள், ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார்கள். இன்று தேய்த்தார்கள். நல்ல வார்த்தை எதுவும் வராமல் அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டார்கள்.

பக்கத்து மேஜையிலிருந்த கேட்டி பெல்தான் முதலில் பேசினாள். "பெகி நூலா இது?"

"பாவம், கடைசில கண்ணு தெரியலையோ என்னவோ," என்றாள் இன்னொருத்தி.

"கையும் நடுங்கியிருக்கும்."

"அது சரி, அப்போ பெகி நூல் பெகி நூல்னு இந்த ஹெக்டர் இத்தனை வருஷம் அடிச்சுக்கிட்டது?"

"பெத்தவளைப் பத்தி வேற எப்படிச் சொல்லுவான்?"

ஹெக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. கேக்கை மென்றுகொண்டிருந்த பாதிரியார் அப்படியே நிறுத்தினார்.

"அது எங்க அம்மா நூத்தது இல்ல!"

படகு இயந்திரத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். கூடமே அவர் பக்கம் திரும்பியது. குழந்தைகூட அவரைப் பார்த்தது.

"அதை நூத்தது நான். அந்த எலி, பன்றிவால் எல்லாம் என்னுது. எங்க அம்மா நூலை வெந்நீர்ல போட்டு நாசம் பண்ணினவன் நான். வெயில்ல காயப்போடுன்னு எஃபி சொல்லிட்டுப் போனா, நான் கேக்கல. அப்புறம் அவகிட்டயே பொய் சொன்னேன். ஷீனா, நீ என்னை மன்னிச்சுடு கண்ணு. உனக்குக் கொடுக்காம வெச்சிருந்ததை உன் பிள்ளைக்கும் இல்லாமப் பண்ணிட்டேன்." குரல் உடைந்தது. விடாமல் சொல்லி முடித்தார். "என்னை என்ன வேணா சொல்லுங்க. எங்க அம்மா கை நடுங்கிச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. நாப்பது வருஷம் நான் தொட்டுத் தொட்டுப் பார்த்த நூல் அது. அந்த மாதிரி நூல் இந்தத் தீவுலயே கிடையாது. அதை நூத்த கைக்கு ஈடு கிடையாது!"

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஷீனா எழுந்து வந்து அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். மோராக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஃபி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. மனைவியை இப்படி அழ வைத்துவிட்டோமே என்று ஹெக்டர் அவள் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

ஹெக்டர் சொன்னது முழுவதும் ரோரியின் காதிலேயே விழுந்திருந்தது. அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி மனைவியிடம் ரகசியமாகக் கேட்டான்:

"என்ன மோராக், இவன் உளர்றான்? பெகி நூலை வெந்நீர்ல போட்டது எஃபிதானே? கல்யாணமான புதுசுல நம்ம அடுப்படியில வந்து உக்காந்து, ஒரு குளிர்காலம் பூரா அழுதுக்கிட்டே அவளே புதுசா நூத்துக் கொண்டுபோய்ப் பெட்டியில வெச்சாளே, அப்புறம் இவன் நாப்பது வருஷமாத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது யாரு நூலாம்?"